திருமதி பூர்மானின் மோதிர விரல்

கார்ல்ஸ்பாட் நகரத்தில் காலை ஆறு மணிக்கே பேண்டு வாத்தியம் தொடங்கிவிடும். ஈரல் கெட்டவர்கள், இரைப்பை கெட்டவர்கள், கெடுவதற்கு ஒன்றுமில்லாமல் பணம் மட்டும் மிகுந்தவர்கள் எல்லோரும் மூக்கு வைத்த பீங்கான் கோப்பையோடு வெந்நீர் ஊற்றுக்கு வரிசையில் நிற்பார்கள். உப்புக் கரிக்கும் தண்ணீரை உறிஞ்சுவார்கள். தூண் மண்டபத்தில் மேலும் கீழும் நடப்பார்கள். பிறகு முகம் ஒரு மாதிரியாகி, பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுவார்கள். அந்த ஊரில் அதை யாரும் மரியாதைக் குறைவாக நினைப்பதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்காம் வருஷக் கோடையில் அந்த வரிசையில் ஆக அகலமான ஆள் ஜெர்மனியின் ஸ்டெட்டின் நகரத்திலிருந்து வந்த திருமதி அகாதே பூர்மான். தொத்திறைச்சித் தொழிற்சாலை முதலாளியின் விதவை. முதல் நாள் எடைநாற்காலியில் உட்கார்ந்தபோது நூற்றுப் பன்னிரண்டு கிலோ. அவளுக்குக் கோப்பை தூக்கவும், குடை பிடிக்கவும், மத்தியானத்தில் நாவல் படித்துக் காட்டவும் ஒரு துணைப்பெண் இருந்தாள். பெயர் லெயோனி. நல்ல குடும்பத்துப் பெண், போரில் எல்லாம் போய்விட்டது, எப்போதும் வெள்ளைக் கையுறை போட்டிருப்பாள் என்று விடுதியில் பேசிக்கொண்டார்கள்.

கையுறை மட்டும் உண்மை. லெயோனியின் சொந்தப் பெயர் போல்டி. வியன்னாவின் ஒட்டாக்ரிங் பகுதியில் பிறந்தவள். தொழில், நகைத் திருட்டு.

போல்டிக்கு வேண்டியது திருமதி பூர்மானின் வலது கை மோதிர விரலில் இருந்தது. பதினோரு மாணிக்கங்கள், வளையத்தைச் சுற்றி இடைவெளியே இல்லாமல் பதித்தவை. எந்த இடத்தில் அறுத்தாலும் இரண்டு கல் நொறுங்கும். ஒன்பது கல்லுக்கு யாரும் பாதி விலைகூடக் கொடுக்க மாட்டார்கள். முழுசாக இருந்தால், லின்ஸ் நகரத்தில் வளைவான கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு தொப்பிக் கடையை வாங்கிவிடலாம். அந்தக் கடையைப் போல்டி இரண்டு முறை வெளியிலிருந்து பார்த்திருக்கிறாள். அதற்குள் உட்கார்ந்துவிட்டால் இனி யாருக்காகவும் எந்த ரயில் நிலையத்திலும் காத்திருக்க வேண்டாம்.

ரயில் நிலையம் என்றால் அவளுக்கு ட்ரியெஸ்ட் ஊர் நிலையம்தான். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஃபெரென்ட்ஸ் என்ற கூட்டாளி, "பெட்டியப் பார்த்துக்க, சிகரெட் வாங்கிட்டு வந்துடறேன்" என்று சொல்லிப் போனான். வந்தது போலீஸ். சிறைச்சாலை சலவைக்கூடத்தில் இரண்டு வருஷம் கொதிநீரில் துணி பிழிந்ததில் அவள் விரல் மூட்டுகள் முடிச்சு முடிச்சாக வீங்கி அப்படியே நின்றுவிட்டன. அதற்குத்தான் கையுறை. அதற்குப் பிறகு கூட்டாளி என்ற பேச்சே கிடையாது.

இப்போது ஒரே தொல்லை, மோதிரம் கழலாது. பத்தொன்பது வயது மணப்பெண்ணுக்குப் போட்டது. அதற்கப்புறம் முப்பத்தைந்து வருஷத் தொத்திறைச்சி அந்த விரலைச் சுற்றி வளர்ந்துவிட்டது. மோதிரம் வரவேண்டுமென்றால் திருமதி பூர்மான் இளைக்க வேண்டும். ஆகவே அந்த ஊரில் எந்த வைத்தியரும் எந்த நோயாளிக்கும் காட்டாத அக்கறையைப் போல்டி காட்டினாள். விடியற்காலையில் எழுப்பினாள். ஆறு கோப்பை தண்ணீர் குடிக்கவைத்தாள். மலைப்பாதையில் ஏற்றி இறக்கினாள். மத்தியானம் திறந்த ஜன்னலருகே நாவல் படிக்கும்போது அம்மாளின் வலது கையைத் தலையணைமேல் உயரமாகத் தூக்கிவைத்து, தைலம் தடவிவிட்டாள். ஒவ்வொரு தடவலிலும் மோதிரத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். அது அசையவில்லை.

நான்காவது நாள் தூண் மண்டபத்தில் ஒருவன் வந்து குனிந்தான். சாம்பல் நிறக் கோட்டு, மெழுகு தடவிய சின்ன மீசை.

"டெரெபெஸ் பிரபு, தங்கள் பணிவுள்ள ஊழியன்" என்று சொல்லித் திருமதி பூர்மானின் கையை எடுத்து முத்தமிட்டான்.

போல்டிக்கு உடனே பொறி தட்டியது. வியன்னாவில் பெரிய வீட்டுப் பிள்ளை கையை முத்தமிட்டால் உதடு தோலில் படாது. ஒரு விரற்கடை தள்ளியே நின்றுவிடும். இவன் உதடு பட்டது. அதுமட்டுமா, கட்டைவிரல் மோதிரத்தைப் பிடித்து நாசூக்காக ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தது.

அன்று மத்தியானம் விடுதித் தோட்டத்தில் அவன் தன் கோப்பைத் தண்ணீரைப் பூந்தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தபோது போல்டி பின்னால் போய் நின்றாள்.

"என்ன பிரபு, செடிக்கும் ஈரல் கெட்டுப்போச்சா?"

அவன் திடுக்கிடவில்லை. திரும்பி, அவள் கையுறையிலிருந்து செருப்புவரை ஒருமுறை பார்த்தான்.

"அம்மணி, உங்க எஜமானி கையை எதுக்குத் தலைக்குமேல தூக்கி வைக்கறீங்க? நாவல் கேக்கறது காதாலதானே?"

"ரத்தம் இறங்கணும்னு டாக்டர் சொன்னார்."

"எந்த டாக்டரும் சொல்லல. விரல்லேர்ந்து ரத்தம் இறங்கினா வீக்கம் குறையும். நம்ம தொழில்ல இது முதல் பாடம்."

"நம்ம தொழிலா? யோவ், உனக்கு முத்தம் குடுக்கவே தெரியல. நீயெல்லாம் பிரபுவா?"

"என் அப்பா ப்ரூன் ஊர்ல நாவிதர். நிஜப் பேரு காஸிமிர் டுடெக்" என்றான் அவன், கூசாமல். "முத்தத்துல என்ன தப்பு? பொம்பளைங்க யாரும் இதுவரைக்கும் புகார் சொல்லலையே."

"உதடு படக் கூடாது."

"அட, படாம எப்படி?" என்றான். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டான்.

அப்படித்தான் சண்டை தொடங்கியது. அவனைக் காட்டிக்கொடுத்தால் அவளும் மாட்டுவாள். அவளைக் காட்டிக்கொடுத்தால் அவனும் மாட்டுவான். ஆகவே இருவரும் புன்னகையோடு ஒருவர் காலை ஒருவர் வாரினார்கள்.

இரண்டாவது வாரத்தில் மோதிரம் இலேசாகச் சுற்றத் தொடங்கியது. நூற்றேழு கிலோ. இப்போதுதான் போல்டிக்குக் கிலி பிடித்தது. அவளுக்குத் தைலம் தடவ நாளுக்கு ஒரு முறைதான் வாய்ப்பு. அவனுக்கோ காலை, மதியம், மாலை என்று மூன்று முத்தம். முதலில் அவனுக்குத்தான் கழலும். வேறு வழியில்லை. அன்று மாலை திருமதி பூர்மானின் படுக்கையருகே யாரோ மறந்து வைத்ததுபோல் ஒரு தட்டு கிரீம் கேக்கை வைத்தாள். மறுநாள் எடைநாற்காலியில் நூற்றெட்டரை.

டுடெக் முத்தமிட்டு நிமிர்ந்தான். அவன் கட்டைவிரலுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"சீமாட்டி நேத்து ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா?" என்று கேட்டான், கண் போல்டிமேல் இருந்தது.

"சொர்க்கம் மாதிரி தூங்கினேன் பிரபு!" என்றாள் திருமதி பூர்மான்.

புதன்கிழமை தைலம் தடவும் நேரத்துக்குச் சற்று முன்னால் அவள் அறைக்கு ஒரு பூங்கொத்து வந்தது. பூவுக்கு அடியில் பாதாம் தூவிய வாத்து ஈரல் ரொட்டி ஆறு. அனுப்பியது பிரபு. அன்று விரல் தொத்திறைச்சிபோல் இறுகியிருந்தது. வியாழன் போல்டி பிளம் கொழுக்கட்டை வாங்கிவைத்தாள். வெள்ளி அவன் சாக்லேட் அனுப்பினான். ஊற்று வைத்தியர் ட்ஸைட்லர் எடைப் புத்தகத்தைப் புரட்டித் தாடியைப் பிய்த்துக்கொண்டார்.

"நூத்தியேழு, நூத்தியெட்டரை, நூத்தியொம்போது, நூத்தியொம்போதரை! அம்மா, என் முப்பது வருஷ அனுபவத்துல இந்தத் தண்ணி குடிச்சு யாரும் பெருத்ததில்ல!"

"தண்ணி எனக்கு ஒத்துக்குது போல" என்றாள் திருமதி பூர்மான் பெருமையாக.

சனிக்கிழமை காலை போல்டி மிட்டாய்க்கடையில் நுழைந்து, "கிரீம் கேக் நாலு" என்றாள். பக்கத்தில் அதே நேரம் இன்னொரு குரல், "கிரீம் கேக் ஆறு" என்றது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"அடுத்த சனிக்கிழமை அந்தம்மா ஊருக்குக் கிளம்பறாங்க" என்றான் டுடெக். "நாம இப்படியே போட்டி போட்டா, மோதிரம் அந்தம்மாவோடவே குழிக்குள்ள போகும்."

"ஆரம்பிச்சது யாரு?"

"நீங்க."

அது உண்மைதான். போல்டி, "சரி. முதல்ல இளைக்கட்டும். கழலற அன்னிக்கு யார் கெட்டிக்காரரோ அவங்களுக்கு" என்றாள்.

"ஒப்பந்தம். கை குடுங்க."

அவள் கையுறையோடு கொடுத்தாள். அவன் குனிந்தான், உதடு ஒரு விரற்கடை தள்ளி நின்றது.

"பழகிட்டு வரேன்" என்றான்.

ஒப்பந்தம் சுலபம், காவல்தான் கஷ்டம். ஒரு வாரமாக ருசி கண்ட திருமதி பூர்மான் இப்போது தானே கேக் கடத்த ஆரம்பித்துவிட்டாள். தொப்பிப் பெட்டியில் கிரீம் கேக். குடைக்குள் வாத்துத் தொடை. பிரார்த்தனைப் புத்தகத்தின் உறைக்குள், புத்தகம் இருக்கவேண்டிய இடத்தில், சாக்லேட். இருவரும் முறைவைத்துக் கைப்பற்றினார்கள். திருடிப் பிழைத்த இருவர் ஒரு கிழவியின் தின்பண்டத்தைப் பறிமுதல் செய்துகொண்டு திரிந்தது அந்த ஊர் கண்ட அதிசயம், ஊருக்குத்தான் தெரியாது.

பிடிபட்டதைக் குப்பையில் போட மனம் வராது. தூண் மண்டபத்துக்குப் பின்னால், ஆற்றைப் பார்த்தபடி ஒரு மரப்பெஞ்சு உண்டு. தினமும் பதினொரு மணிக்கு இருவரும் அங்கே உட்கார்ந்து சாட்சியங்களைத் தின்று தீர்த்தார்கள். மூன்றாம் நாள் போல்டியின் பாவாடை இடுப்புக் கொக்கி போய்விட்டது.

"இந்த மோதிரத்த வச்சு என்ன பண்ணப்போறீங்க?" என்று கேட்டான் அவன், வாயில் கிரீமோடு.

"தொப்பிக் கடை. நீங்க?"

"யோசிக்கல. எப்பவும் எடுக்கறவரைக்கும்தான் யோசிப்பேன். எடுத்தப்புறம் சலிப்பாப் போயிடும்." விரலில் ஒட்டிய கிரீமை நக்கிக்கொண்டான். "கிரீம் தின்னும்போதுகூடவா கையுறை?"

போல்டிக்குச் சொல்லும் எண்ணமே இல்லை. ஆனால் வாயில் கேக் இருக்கும்போது பொய் சொல்ல வரவில்லை. ட்ரியெஸ்ட், ஃபெரென்ட்ஸ், பெட்டி, சிகரெட், சலவைக்கூடம், போல்டி என்ற சொந்தப் பெயர் எல்லாவற்றையும் நாலு வாக்கியத்தில் சொல்லிமுடித்தாள். அவன் அனுதாபம் காட்டியிருந்தால் எழுந்து போயிருப்பாள். அவன், "ஃபெரென்ட்ஸா? அவன் சிகரெட்டே பிடிக்க மாட்டானே!" என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எட்டு வருஷத்தில் அந்தக் கதைக்கு அவள் சிரித்தது அதுவே முதல்முறை.

அன்று அறைக்குப் போய்க் கண்ணாடியில் தன்னைப் பார்த்து, "மடச்சி, சனிக்கிழமை அவன் மோதிரத்தோட ஓடுவான், நீ இங்க வாயைப் பொளந்துகிட்டு நிப்ப" என்று திட்டிக்கொண்டாள். பிறகு ஒன்பது நாற்பது ரயிலுக்கு ஒரே ஒரு டிக்கெட் வாங்கிக் கையுறைக்குள் செருகிவைத்தாள்.

சனிக்கிழமை விடிந்தது. பேண்டு வாத்தியம், கோப்பைகள், வரிசை. எடைநாற்காலியைச் சுற்றிச் சின்னக் கூட்டம். நிலவரம் தெரிந்துகொள்ள விடுதிக்காரர்களும் வந்திருந்தார்கள். வைத்தியர் ட்ஸைட்லர் எடைக்கல்லை நகர்த்தினார், இன்னும் நகர்த்தினார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"நூத்திரண்டு!"

எல்லோரும் கைதட்டினார்கள். டுடெக்கின் கையைப் பார்த்தாள் போல்டி. அது கோட்டுப் பையை நோக்கிப் போயிற்று. அவள் கையும் தைலப் புட்டியை நோக்கிப் போயிற்று.

திருமதி பூர்மான் எழுந்து நின்றாள். "பிரபு, லெயோனி, ரெண்டு பேரும் இங்க வாங்க. நீங்க எதுக்கு மூணு வாரமா என் பக்கத்துலயே சுத்தறீங்கன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

போல்டி தைலப் புட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். டுடெக்கின் மீசை ஒரு பக்கம் இறங்கியது.

"என் பின்னால சுத்தற மாதிரி நடிச்சு, ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கறதுக்கு!" என்றாள் திருமதி பூர்மான். "தினம் பதினொரு மணிக்கு ஆத்தங்கரைப் பெஞ்சுல என் கேக்கைத் தின்னுகிட்டு! என் ஜன்னல்லேர்ந்து பார்த்தா எல்லாம் தெரியும்."

கூட்டம் சிரித்தது. ஒரு கர்னல் மூக்கைச் சிந்தினார்.

"இந்த மோதிரம் இருக்கே" என்று விரலை நீட்டினாள். "என் மாமியார் போட்டுவிட்டது. அன்னிலேர்ந்து இது எனக்குக் கைவிலங்கு. பியானோ வாசிப்பேன், இதைப் போட்டப்புறம் வாசிக்கல. ஈரல்னு சொன்னதெல்லாம் சும்மா. இதைக் கழட்டத்தான் இந்த ஊருக்கே வந்தேன். கழண்டுச்சுன்னா, முதல்ல கண்ணுல படற கல்யாணப் பொண்ணுக்குக் குடுத்துடறேன்னு மாதாகிட்ட வேண்டியிருக்கேன். பிரபு, யார்கிட்டயாவது சோப்பு இருக்கா?"

டுடெக் கோட்டுப் பையிலிருந்து கையை வெளியே எடுத்தான். அதில் இருந்தது அவன் அப்பாவின் சவரச் சோப்பு. திருடுவதற்காகக் கொண்டுவந்தது. ஊற்றுத் தண்ணீரில் நனைத்து நுரைத்தான், விரலில் தடவினான், நாவிதன் மகனின் பழகிய கையால் ஒரு திருகு திருகினான். திருமதி பூர்மான் ஒரு கூச்சல் போட்டாள். பதினோரு மாணிக்கமும் நுரைக்குள் சறுக்கி வந்து அவன் உள்ளங்கையில் விழுந்தன.

"போடுங்க அவளுக்கு. என் கண் முன்னால!"

பேண்டு வாத்தியம் நின்றுவிட்டது. டுடெக் மோதிரத்தைப் பார்த்தான். மண்டபத்து வாசல் பத்தடிதான். நுரையும் கூட்டமும் இருக்க, ஒரு ஈரக் கையிலிருந்து ஒரு மோதிரத்தைக் காணாமல் செய்வது அவனுக்குப் பெரிய காரியமா? அவன் வாசலைப் பார்த்ததைப் போல்டி பார்த்தாள். ட்ரியெஸ்ட் நடைமேடை அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

அவன் பக்கத்திலிருந்த கோப்பையை எடுத்தான். திருமதி பூர்மானுடையது, முழுதாக நிரம்பியிருந்தது. என்ன செய்கிறோம் என்று தெரியாமல் ஒரே மூச்சில் குடித்துவிட்டான். மூன்று வாரத்தில் அவன் குடித்த முதல் கோப்பை.

"கையுறையைக் கழட்டுங்க" என்றான்.

"வேண்டாம்."

"போல்டி" என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. சொந்தப் பெயர் சொல்லி அழைத்தது அதுவே முதல்முறை.

அவள் கழற்றினாள். ரயில் டிக்கெட் கீழே விழுந்தது. அவன் டிக்கெட்டைப் பார்த்தான். பிறகு அவள் விரலைப் பார்த்தான். அந்த மூட்டு முடிச்சுகளை ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், தட்டான் பார்ப்பதுபோல் பார்த்தான். மோதிரம் இன்னும் சோப்போடு வழுக்கியது. மூட்டுக்கு முன்னால் வந்து நின்றது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு தள்ளு தள்ளினான். மூட்டைத் தாண்டி உட்கார்ந்தது.

கூட்டம் ஆரவாரித்தது. பேண்டு ஒரு வால்ட்ஸ் நடன இசையை ஆரம்பித்தது. திருமதி பூர்மான் வெறும் விரலைக் காற்றில் ஆட்டிப் பியானோ வாசித்துக்கொண்டே போனாள்.

ஆற்றங்கரைப் பெஞ்சில் போல்டி மோதிரத்தை இழுத்துப் பார்த்தாள். சோப்பு காய்ந்துவிட்டது. முறுக்கினாள், எச்சில் தடவினாள். வரவில்லை.

"டுடெக், இது கழலாது."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"மோதிர அளவு கண்ணால பார்த்தே சொல்லிடுவேன். அந்த மூட்டைத் தாண்டிப் போனா திரும்பி வராதுன்னு தெரிஞ்சுதான் தள்ளினேன்." மீசையைத் தடவிக்கொண்டான். "இனிமே நான் நினைச்சாலும் திருட முடியாது பாருங்க."

"என் தொப்பிக் கடை?"

"ரெண்டு பேரும் சேர்ந்து..." என்று ஆரம்பித்தவன் சட்டென்று நிறுத்தினான். முகம் ஒரு மாதிரியாயிற்று. "இங்கேயே இருங்க. கேக் வாங்கிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

போல்டி தனியாக உட்கார்ந்திருந்தாள். இங்கேயே இரு, வாங்கிட்டு வந்துடறேன். அதே வார்த்தை. ஆனால் இந்தத் தடவை நகை அவள் கையில் இருந்தது. மரங்கள் நிழலிட்ட தெருவைத் தாண்டினால் ரயில் நிலையம். கீழே விழுந்த டிக்கெட்டைப் பொறுக்கி மடியில் வைத்திருந்தாள். அறுத்தெடுத்தால் ஒன்பது கல்லாவது மிஞ்சும். சின்ன ஜன்னல் வைத்த சின்னக் கடையாவது கிடைக்கும். அவன் ஓடியது மிட்டாய்க்கடைப் பக்கம்கூட இல்லை. பேண்டு ஒரு பாட்டை முடித்து இன்னொன்றைத் தொடங்கியது. அதையும் முடித்தது. ஒருமுறை எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். ஒன்பது நாற்பதுக்கு ரயில் கூவியது. பள்ளத்தாக்கில் அந்தக் கூவல் தேய்ந்து மறையும்வரை போல்டி ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து மணிக்கு அவன் வந்தான். முகம் வெளிறி, கழுத்துப்பட்டை கோணி, கையில் கேக் பெட்டியோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"எங்கேய்யா போனே?" என்று கத்தினாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"அந்தத் தண்ணி..." என்றான் டுடெக் பரிதாபமாக. "எல்லாரும் இதைத் தினம் ஆறு கோப்பை எப்படிக் குடிக்கறாங்க?"

போல்டி அவனைப் பிடித்துப் பெஞ்சில் உட்காரவைத்தாள். பெட்டியைத் திறந்து பார்த்தாள். இரண்டு கிரீம் கேக்.

"நீ இன்னிக்கு ஒண்ணும் தின்னக் கூடாது" என்று சொல்லி, இரண்டையும் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள், மோதிரக் கையால்.